தரைக்குக் கீழே செவ்வாய்

போனில் யாரிடம் பேசினாலும் அக்கா முதலில் "எங்க கீற?" என்றுதான் கேட்பாள். அது எல்லோரும் கேட்பது. அதற்கடுத்த கேள்விதான் அவளுடையது. "எந்தப் பக்கம் பாத்து நிக்கிற?" மீஞ்சூர் ஸ்டேஷனில் நிற்கிறேன் என்றால் அவளுக்குப் போதாது. வண்டி வருகிற பக்கம் பார்த்தா, போகிற பக்கம் பார்த்தா, வெயில் எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்பது வரைக்கும் சொல்ல வேண்டும். சொன்னபின் ஒரு நொடி பேசமாட்டாள். நம்மை மனசுக்குள் கொண்டுபோய் அந்த இடத்தில் சரியாகத் திருப்பி நிறுத்துகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாள்.

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு அவளுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். தம்பியோடு இருந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல் மேல் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவனுக்கு. பகல், இரவு என்று ஷிப்ட் மாறி மாறி வரும். அவன் போய்விட்டால் அவள் தனி. கட்டிலில் படுத்திருப்பாள், அல்லது தரையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுப்படிவரை போவாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது.

முன்பு அவள் நடந்த நடை எனக்குத் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்குமே, ஒரு நாள், ஒன்றரை நாள் என்று, அந்த வரிசையோடு நடந்து இட்லி விற்றவள் அவள். தலையில் அடுக்கு, கையில் சாம்பார் தூக்கு. வரிசையின் வால் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தலைவரைக்கும் நடப்பாள். இறங்கிப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் அவளிடம் ஊர்க்கதை பேசுவார்கள். நாக்பூர் எந்தப் பக்கம், விஜயவாடா தாண்டினால் எது வரும் என்றெல்லாம் அவள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் ரிவர்ஸில் பின்னுக்கு வந்த டிரெய்லர் ஒன்று அவளைச் சுவரோடு அழுத்திவிட்டது. பெரியாஸ்பத்திரியில் நாலு மாதம். வந்தபோது நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. ராயபுரத்துச் சர்ச் ஒன்றில் அவளுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அது மூன்றாவது மாடியில் என்ன செய்யும்? மடித்துச் சுவரோரம் வைத்து அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டிருந்தாள். முதல் வருடம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். கடைசித் தடவை தூக்கியவர்கள், மூச்சு வாங்குகிறது என்று இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளை நாற்காலியோடு இறக்கிவைத்துவிட்டு, அவள் தலைக்கு மேலாகவே கிரிக்கெட் பேசிக்கொண்டு பீடி குடித்திருக்கிறார்கள். அரிசி மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது என்று என் அம்மாவிடம் சொன்னாளாம். அன்றிலிருந்து கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்த ஆப் அவள் போனுக்குள் வந்தது தற்செயலாகத்தான். மிட்டாய்களை வரிசை சேர்க்கிற விளையாட்டின் நடுவே வந்த விளம்பரத்தில் விரல் பட்டுவிட்டது. என்னமோ ஆகிவிட்டது, போன் முழுக்கக் கருப்பாகிப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். வானம். போனை எந்தப் பக்கம் தூக்கினாலும் அந்தப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரமும் கோளும் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு, ஓடு போல் சூடேறிய அந்த அறைக்குள், ஃபேனுக்குப் பக்கத்தில் வியாழன் இருந்தது.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். ஜூபிடர் என்றால் வியாழன், சாட்டர்ன் என்றால் சனி. அப்படியானால் வாரத்தில் கிழமைகளாக இருப்பவர்கள் எல்லோரும் இதற்குள்ளே இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். அன்று நான் வீட்டுக்குப் போகும்போது போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு புதனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் கட்டிலில் இருந்து ஜன்னல் வழியே பார்த்தால் எதிர் பிளாக்கின் சுவர்தான் தெரியும். நடுவில் ஓர் ஆள் போகிற இடைவெளி. வெளியே வந்து பார்த்தாலும் எங்கள் பக்கத்து வானத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. துறைமுகத்தின் உயர விளக்குகளும் ஆலைப்புகையும் சேர்ந்து ராத்திரியெல்லாம் ஒரு பழுப்பு வெளிச்சம். அதனால் அந்த ஆப் காட்டுவது நிஜமா பொய்யா என்று சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை. அக்கா சரிபார்க்க விரும்பவும் இல்லை. நிஜம் என்றே வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அதில் பிடித்துப்போனது நட்சத்திரங்கள் அல்ல, கோள்கள்தான். அவைதான் இடம் மாறுகின்றன என்பதைச் சில வாரத்திலேயே கண்டுகொண்டாள். இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் பிடித்தால் திசை குழம்புகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொல்லித் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடாய்ப் படுத்தினாள். திசை பிசகினால் போனைக் காற்றில் எட்டு போட்டு ஆட்டுவாள்.

மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கோடி வீட்டில் ஒரு பெயிண்டர் இருந்தார். தனக்கு ஏழரைச் சனி என்று ஜோசியர் சொன்னதிலிருந்து எது நடந்தாலும் சனியைச் சொல்பவர். வாரம் ஒரு தடவை வந்து கதவருகே நின்று, இன்னிக்கு எங்கே இருக்கிறது என்று விசாரிப்பார். அவள் சிரிக்காமல் போனைத் திருப்பிப் பார்த்து, இப்போது காசிமேட்டுக்கு மேலே நிற்கிறது, சாயங்காலத்துக்குள் எதிர் பிளாக்குக்குப் பின்னால் இறங்கிவிடும் என்று சொல்வாள். வளையத்தைப் பெரிதாக்கிக் காட்டுவாள். இவ்வளவு அழகான சாமான் உன்னைக் கெடுக்கவா போகிறது என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். அதன் பிறகும் பெயிண்டர் வருவதை நிறுத்தவில்லை.

எனக்கு அப்போது முப்பது வயது. மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் உள்ளே வரும் வண்டி எண்களைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வந்த இடமெல்லாம் அதைச் சொல்லியே திரும்பிப் போனது. ஒவ்வொரு தடவையும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசமாட்டாள். கோபம் என் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு அறைக்குள் பேசாத ஆளோடு இருப்பது, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதைப் போல. அப்படி ஒரு நாள் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்தாள். மேலே தேடினாள், சுவர்களில் தேடினாள். கடைசியில் போனைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்துப் பிடித்தாள்.

"தோ கீது பாரு. உன் கல்யாணத்த நிறுத்தறவரு. நம்ம தண்ணித் தொட்டிக்கும் கீழ, மண்ணுக்குள்ள கீறாரு. அங்கேர்ந்து எட்டிப் பாத்தா உன் மூஞ்சியே தெரியாது, பாப்பா."

சிவப்பாக ஒரு சிறு புள்ளி. தரைக்குக் கீழே, பூமிக்கே அந்தப் பக்கம். நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே அழுதேன். அதன் பிறகு ஜாதகப் பேச்சு எடுத்தாலே நான் அனிச்சையாகத் தரையைப் பார்ப்பேன். அம்மாவுக்கு அது புரியாது.

ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. அந்த ஆப்பில் நாளையும் வருடத்தையும் தள்ளிப் பார்க்க ஒரு வசதி உண்டு. விரலால் இழுத்தால் கோள்களெல்லாம் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் வருடங்களை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி, என்னிடம் காட்டினாள். பத்து வருடம் கழித்துச் சனி ஜன்னல் கம்பிக்கு நேரே வரும் என்றாள். இன்னும் இழுத்தாள். இருபது வருடத்தில் அது அடுப்படிப் பக்கம் போய்விடும். அவள் குரலில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. கோள்கள் எங்கெங்கோ போய்வந்தன. பார்க்கிற இடம் மட்டும் மாறவே இல்லை. அதே கட்டில், அதே சுவர். இருபது வருடம் கழித்தும் அவள் அங்கேயே படுத்துப் பார்ப்பதாகத்தான் அவள் கணக்கு போட்டிருந்தாள்.

இன்னொரு நாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. வேலை முடிந்து நான் வரும்போது அவள் போன் அணைந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. கட்டிலில் வியர்வையோடு படுத்து, ஒரு கையைச் சுவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வியாழன் இப்போது இங்கேதான் இருக்க வேண்டும், உன் போனில் பார்த்துச் சொல் என்றாள். நான் அந்த ஆப்பை இறக்கிப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு முழம் தள்ளி என்றுதான் சொன்னேன். அவள் கையை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது போவது தெரியாமலே போய்விட்டது என்றாள்.

அந்தக் காலை பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

விடிந்துகொண்டிருந்தது. மூக்கைக் கிழிக்கிற வாடையில்தான் எழுந்தேன். எங்கள் பக்கத்தில் வாடை புதிதல்ல. ஆனால் இது கண்ணைத் திறக்கவிடவில்லை. வடக்கே ஏதோ ஓர் ஆலையில் வாயுக் குழாய் உடைந்துவிட்டது என்று படிக்கட்டில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அம்மாவுக்கு ஏற்கனவே இளைப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவருகே சரிந்துவிட்டாள். துண்டை நனைத்து அவள் முகத்தில் கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிர்க்கதவு சாத்தியிருந்தது. தம்பி வந்து பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். இப்படித்தான் பல நாள் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை வேறு. அவன் அந்த வாரம் இரவு ஷிப்ட், எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கதவைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இறங்கினேன்.

ரோட்டில் கூட்டம் தேரடி இருக்கும் தெற்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்களும் ஓடினோம். எவ்வளவு ஓடினாலும் வாடை விடவில்லை. அம்மா இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். அப்போது போன் அடித்தது.

"எங்க கீற?" என்றாள் அக்கா.

பஸ் ஸ்டாப் தாண்டி என்றேன்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிற? காத்து எங்க அடிக்குது?"

தேரடியைப் பார்த்து நிற்கிறேன், காற்று முதுகில் அடிக்கிறது என்றேன்.

"அப்டின்னா அது உன் கூடவே வந்துகினு கீது. நேரா போவாத. சோத்துக்கை பக்கம் திரும்பு. ரயில் லைனத் தாண்டு. நிக்காம போ."

அவளுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நடுவே ஏதோ தொப்பென்று விழுகிற சத்தம். என்ன அது என்றேன். பாத்திரம் விழுந்தது என்றாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், நீ அம்மாவைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வலது பக்கம் திரும்பினோம். எங்கள் பிளாக் ஆட்கள் ஏழெட்டுப் பேர் எங்களைப் பார்த்துத் திரும்பினார்கள். தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு தெரு போனதும் காற்று மாறிவிட்டது. அம்மா ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். நேராக ஓடியவர்களில் பலரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினோம். அக்கா கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். அவள்தான் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்ததோ, நீ வந்து கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன், நான்தான் இறங்கமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் பிடிவாதக்காரி, அவளே வரமாட்டாள் என்று ஊரெல்லாம் நானும் சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பெயிண்டரும் நானும் ஒரே நேரத்தில் படியேறிக்கொண்டிருந்தோம். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் உள்ள திருப்பத்தில் அவர் நின்றார். தரையைக் காட்டினார். வாடை பரவிய அன்று மாத்திரை எடுக்க எல்லோருக்கும் முன்னால் திரும்பி வந்தது அவர்தானாம். அக்கா இந்த இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். ஈரப் புடவையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு. மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கியிருக்கிறாள். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. குதிகாலில் சதை கிழிந்து இரத்தம் வழிந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அவர் சொல்லித்தான் குனிந்து பார்த்திருக்கிறாள். கீழே தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று இவர் கேட்டதற்கு, வாடைதான் குறைந்துவிட்டதே, யாரும் வருவதற்குள் மேலே கொண்டுபோய்ப் படுக்க வை என்றாளாம். முதுகில் சுமந்து ஏறியிருக்கிறார். யாரிடமும் சொல்லாதே, அதுவும் எதிர் வீட்டில் சொல்லவே சொல்லாதே என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"மனசுல வச்சிகினு இருக்க முடியல, அதான் சொல்லிட்டேன்" என்று பெயிண்டர் மேலே ஏறிப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். போனில் கேட்ட அந்தச் சத்தம், இழுத்து இழுத்து வந்த மூச்சு எல்லாம் அப்போது விளங்கியது. எனக்கு வழி சொல்லும்போது அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். 'வா' என்ற ஒரு வார்த்தை அவள் வாயில் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ரயில் லைனைத் தாண்டு என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் தம்பி அலைந்து திரிந்து புழல் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டான். அங்கே வாசலிலிருந்தே நாற்காலியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போகலாம். அக்கா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். போன வருடம் எனக்கு மாதவரத்தில் கல்யாணமானபோது நாற்காலியிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. முடிந்திருந்தாலும் என்ன பேசியிருப்போம் என்று தெரியவில்லை. பேச வேண்டியதை அவள் வீடு காலி செய்வதற்கு முந்தின நாளே பேசியாகிவிட்டது.

அன்று துணிமணி கட்ட உதவிக்குப் போனேன். தம்பி வண்டி பேசப் போயிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்க, நான் மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, படியில் இறங்கினதை ஏன் அன்றைக்குப் போனிலேயே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். பெயிண்டர் உளறிவிட்டாரா என்றாள். கையில் இருந்த புடவையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருந்தா, நீ திரும்பி வருவியா மாட்டியான்னு எனக்குத் தெரிஞ்சி பூட்டிருக்கும். அத்த தெரிஞ்சிகினு அப்பால எதிர் வூட்டுல எப்டி இருக்கிறது, சொல்லு?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கையை நீட்டினேன். அவள் புடவையின் ஒரு முனையைக் கொடுத்தாள். இரண்டு பேருமாக அதை இழுத்துப் பிடித்து மடித்தோம்.